முதல் பரிசு பெற்ற முதுகு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். இருபது வருஷமாகப் பெண்பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். "பேசாம வரைங்கட்டி" என்று வகுப்பில் கத்துகிறவளும் நான்தான், மணி அடிக்கிறவரை பேசிக்கொண்டே இருக்கிறவளும் நான்தான். அந்த வாய்தான் அன்றைக்கும் என்னைக் கவிழ்த்தது.

டவுனில் ரத வீதிக்குப் பின்னால் எங்கள் சந்து. நாலு வீடு தள்ளி ஒரு தையலக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். சந்தில் இருக்கிற அத்தனை பொம்பளைகளின் அளவும் அவளுக்கு மனப்பாடம். யார் ரெண்டு மாதத்தில் பெருத்திருக்கிறோம் என்பது எங்கள் வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும். தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போயிருந்தேன். அதன் கையைத் தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்:

"டீச்சர், ஜங்ஷன் பக்கம் அண்ணாச்சி ஓட்டல்ல புதுசா ஏசி ஹால் கட்டியிருக்காவல்லா. அதுல பெரிசா ஒரு ஆத்துப் படம் மாட்டியிருக்கு. பாத்தீயளா?"

பார்க்காமலா? எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அதுக்கு முதல் பரிசு குடுத்ததே நான்தானக்கா" என்றேன்.

ஊரில் கேமரா வைத்திருக்கிறவர்கள் சிலபேர் சேர்ந்து ஒரு புகைப்படக் கண்காட்சி நடத்தியிருந்தார்கள். நடுவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் நான் சொக்கிப்போனேன். விடியற்காலத் தாமிரபரணி, தண்ணீர்மேல் புகைமாதிரி பனி, நடு ஆற்றில் மார்போடு பாவாடை கட்டி உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் முதுகு. முகம் இல்லை. ஈர முதுகு மட்டும் வெயில் பட்டு வெண்கலமாக மின்னுகிறது. "பெண்மையும் இயற்கையும் இரண்டறக் கலந்த கணம்" என்று நான்தான் பாராட்டுரை எழுதிக்கொடுத்தேன். அண்ணாச்சி அந்தப் படத்தை வாங்கி, கேன்வாஸில் ஆளுயரத்துக்குப் பெரிசாக்கி, என் வரியையும் தங்க எழுத்தில் கீழே போட்டுத் தன் ஓட்டலில் மாட்டிவிட்டார்.

இதையெல்லாம் அக்காவிடம் பத்து நிமிஷம் அளந்தேன். ஒளி எப்படி விழுகிறது, தோளிலிருந்து இடுப்புக்குக் கோடு எப்படி இறங்குகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மிஷின் நின்றுபோயிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

"அது என் முதுகு டீச்சர்" என்றாள் அக்கா.

ஆட்டிக்கொண்டிருந்த கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

ஓட்டலுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கப் போனவள் படத்தைப் பார்த்திருக்கிறாள். முதுகை வைத்து அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? பாவாடையை வைத்துத்தான் தெரிந்தது. மார்போடு கட்ட நீளம் பத்தாமல் மெரூன் பாவாடையின் மேல்விளிம்பில் பச்சைத் துண்டு ஒன்றை ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தாள். தான் போட்ட தையல் தையல்காரிக்குத் தெரியாதா?

"இரண்டறக் கலந்த கணம்னு எழுதியிருக்கு. யாரு டீச்சர் கலந்தா? நான் பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவள் அங்கே உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் உண்டு. பகலெல்லாம் மிஷினில் குனிந்து குனிந்து அவளுக்கு முதுகு கல்லாக இறுகிப்போகும். எந்தத் தைலத்துக்கும் அசையாது. காலையில் குறுக்குத்துறைக்குக் கொஞ்சம் மேலே, பொம்பளைகள் குளிக்கிற இடத்தில், ஓடிவருகிற தண்ணிக்கு முதுகைக் கொடுத்து அரைமணி நேரம் உட்கார்ந்தால்தான் அவளால் நிமிர முடியும். சிறுபிள்ளையிலிருந்து ஒருநாள் தவறாமல் போனவள், படத்தைப் பார்த்த நாளிலிருந்து போகவில்லை. வீட்டில் வாளித் தண்ணி. சேலைத் தலைப்பு வழியாகத் தைல வாடை அடித்தது.

நான் செய்த அடுத்த முட்டாள்தனம், ஆறுதல் சொன்னது. "முகமே தெரியலையேக்கா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுதுல்லா" என்றாள். "அங்கன ஆளாளுக்கு உக்காந்து நெய் ரோஸ்ட் தின்னுக்கிட்டே என் முதுகைப் பாக்காவ. அது தொங்குத வரைக்கும் நான் ஆத்துல கால் வைக்கமாட்டேன்."

ரவிக்கையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து போட்டுப்பார்த்தேன். கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. நான் பேச ஆரம்பித்த பிறகு இறுக்கிப் பிடித்துத் தைத்திருக்கிறாள். கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஓவியக் கல்லூரியில் என்னோடு படித்த ஒரு தோழி மேலப்பாளையத்தில் இருக்கிறாள். மருதாணி போடுவாள், கடைச் சுவரில் பூவேலை செய்வாள், ஆசைக்குப் பெரிய பெரிய ஓவியமும் போடுவாள். அவள் வரைகிற மனுஷர்களுக்கு முகம் இருக்காது. வீட்டில் உருவம் வரைந்தால் பிடிக்காது. இவளுக்கு வரையாமல் இருக்க முடியாது. கடைசியில் முகத்தை விட்டுவிட்டு மற்றதை வரைவது என்று வாப்பாவோடு ஒரு உடன்படிக்கை. அதனால் ஊரிலேயே முதுகு, பிடரி, குதிகால் வரைவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவளிடம் போய் அழுதேன்.

"ஏட்டி கோட்டிக்காரி" என்றாள். "காலேஜ்ல என்னளா பேசினோம்? மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கல்லூரியில் இருட்டு அறையில் வெளிநாட்டு ஓவியங்களைத் திரையில் போட்டுக் காட்டுவார்கள். நூற்றாண்டு நூற்றாண்டாக மெத்தையில் படுத்திருப்பது ஒரு பெண், தூரிகையோடு நிற்பது ஒரு ஆண், விலைகொடுத்து வாங்கி மாட்டுவது இன்னொரு ஆண். அப்புறம் எங்கெங்கோ சில பெண் ஓவியர்கள் கிளம்பி, ஆண்களைப் படுக்கவைத்து வரைந்தார்கள். தங்கள் உடம்பைத் தாங்களே, தொந்தியும் தழும்புமாக, இந்தா பார் என்று வரைந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு விடுதியில் நாங்கள் ரெண்டுபேரும் ராவெல்லாம் சபதம் போட்டோம். அந்தச் சபதம் போட்டவள்தான் பொன்னாடைக்கு மயங்கி, கேட்காமல் எடுத்த ஒரு முதுகுக்குப் பரிசு கொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன்.

முதலில் படம் எடுத்தவருக்குப் போன் போட்டேன். மரியாதையான மனுஷர், ரிட்டையர் ஆனவர். கொக்கு, நாரை எடுப்பதற்கென்று முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வைத்திருக்கிறார். மேலே நாணல் புதருக்குள் இருந்துதான் எடுத்தாராம். "ஆறு பொது இடம்தான டீச்சர், யாரு வேணும்னாலும் எடுக்கலாம்" என்றார். என் பாராட்டுரையில் உற்சாகம் வந்து, இதையே ஒரு தொடராக எடுக்கலாம் என்று இருக்கிறாராம். என் கையால் நான் எழுதிக்கொடுத்த வரி எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

அடுத்தது அண்ணாச்சி. தோழியும் நானும் ஏசி ஹாலில் காபி சொல்லிவிட்டு அவரைக் கூப்பிட்டோம். நல்ல மனுஷர்தான். சின்ன வயதில் மூட்டை சுமந்து, டீக்கடை போட்டு, இன்றைக்கு ஓட்டல் வைத்து நூறு பேருக்குச் சோறு போடுகிறவர். எங்கள் சிக்கல் என்னவென்றால், அது யார் முதுகு என்று சொல்ல முடியாது. சொன்னால் யாருக்கும் தெரியாத முதுகுக்கு நாங்களே பேர் எழுதி ஒட்டியமாதிரி ஆகிவிடும். அதனால் பொதுவாகப் பேசினோம். ஒரு பெண்ணின் உடம்பை அவளுக்குத் தெரியாமல் இப்படி மாட்டுவது சரியா அண்ணாச்சி என்று தோழி ஆரம்பித்தாள்.

"முகமே தெரியலயேம்மா. பின்ன யாருக்கு என்ன நட்டம்?" என்றார்.

நான் அக்காவிடம் சொன்ன அதே வார்த்தை. காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அதோட, பரிசு குடுத்ததே டீச்சர்தான?" என்று தங்க எழுத்தைக் காட்டினார். தோழி என் காலை மேஜைக்குக் கீழே மிதித்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வந்து, படத்துக்குக் கீழே நின்று செல்பி எடுத்தது. அந்தம்மாவின் தலைக்கு மேலே அக்காவின் பச்சை ஒட்டு.

வெளியே வந்ததும் தோழி சொன்னாள்: "பேசிப் புண்ணியம் இல்ல. இவங்கள ஒருநாள் உக்காரவச்சுப் பாத்தாத்தான் தெரியும்." அப்படித்தான் அந்த யோசனை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறையில் ஆம்பளைகள் குளிக்கிற படித்துறையில் போய் உட்கார்வது. குளிக்கிறவர்களைப் பார்த்து வரைவது. கூச்சத்தில் நெளியட்டும், துண்டைத் தேடட்டும், பார்க்கப்படுவது என்றால் என்ன என்று அரைமணி நேரமாவது தெரியட்டும்.

போனோம். ஆளுக்கொரு வரைபலகை, பென்சில், குடை. தோழி புர்காவோடு, நான் பருத்திச் சேலையோடு, மேல்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். முதல் பத்து நிமிஷம் நாங்கள் நினைத்த மாதிரியே நடந்தது. சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அப்படியே கழுத்தளவு தண்ணியில் அமுங்கினார். வெளியே வரவே இல்லை. உதடு நீலம் பாரித்துப்போய், "எம்மா, நீங்க எப்பம் போவீய? எனக்குச் சளி கட்டிரும்" என்று தண்ணிக்குள்ளிருந்தே கேட்டார். எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்தமாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு வக்கீல் ஏறிவந்தார். இடுப்பில் துண்டு, நெற்றியில் ஈர விபூதி. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பலகையை எட்டிப்பார்த்தவர், "வயித்தைக் கொஞ்சம் கம்மியாப் போடலாமா டீச்சர்?" என்றார். போய்ப் படியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, கையை இடுப்பில் கொடுத்து நின்றார்.

அவ்வளவுதான். "வே, அங்கன ஓசியில படம் போடுதாவ" என்று ஒரு சத்தம். துறையே திரண்டு வந்தது. ரேஷன் கடை மாதிரி வரிசை. ஒருத்தருக்கு மீசை முறுக்காக வேண்டும். ஒருத்தருக்குப் பின்னால் கோபுரம் தெரிய வேண்டும். தண்ணியில் அமுங்கிக் கிடந்தவரே வெளியே வந்து, "நான்தான் முதல்ல இருந்தேன், எனக்குப் பொறவுதான் எல்லாரும்" என்று சண்டை பிடித்தார். ஒரு பெரியவர் முடிந்த படத்தை வாங்கிப்பார்த்து, "வீட்ல காட்டணும், அவ நான் மெலிஞ்சிட்டேங்கா" என்று மடித்துத் துண்டில் வைத்துக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காய் முடிந்தது. பதினோரு மணிவரை வரைந்து எனக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

திரும்பி வரும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. நாம் அவர்களைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அவர்கள் நம்மைப் பார்த்தால் நமக்கு ஏன் குலை நடுங்குகிறது? தோழிதான் சொன்னாள். "பாக்குறதுல ஒண்ணும் இல்லட்டி. பாத்த பொறவு என்ன ஆகும்னு ஒரு பயம் இருக்கே, அதுலதான் எல்லாம் இருக்கு. அவங்களுக்கு அதுக்கப்புறம் வீட்ல போய் இட்லி. வேற என்ன ஆகப்போகுது?"

ஆனால் அவள் சும்மா வரவில்லை. நான் வக்கீலின் வயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், வரிசையில் வராத ஒருத்தரை வரைந்திருந்தாள். ஆற்றுக்குள் இடுப்பளவு தண்ணியில், கண்ணை மூடிக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு நின்ற அண்ணாச்சி. முதுகு மட்டும். மூட்டை சுமந்து காய்ப்பு ஏறிப்போன வலது தோள், ரெண்டு மடிப்புச் சதை, அருணாக்கயிறு, ஒரு தேமல். வரைந்தது அவள் என்பதால் அது உயிரோடு இருந்தது.

அதை அந்தப் புகைப்படத்தின் அதே அளவுக்குக் கேன்வாஸில் போட்டாள். மூன்று வாரம். துபாயில் இருக்கிற வீட்டுக்காரர் வீடியோ காலில் பின்னால் நிற்கிற கேன்வாஸைப் பார்த்துவிட்டு, "யாரு வீட்டு ஆம்பளை அது?" என்று கேட்டிருக்கிறார். "முகம் இல்லாத ஆளுக்கு எதுக்கு மச்சான் கோவப்படுதீய?" என்றாளாம். மனுஷர் ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தத் தேமலுக்கு மருந்து போடச் சொல்லு" என்றாராம்.

திட்டம் இதுதான். அண்ணாச்சியிடம் படத்தைக் கொடுப்பது. தன் முதுகு தன் ஓட்டலில் தொங்கினால் எப்படி இருக்கும் என்று அவருக்கு உறைக்கும். உறைத்தால் மற்றதையும் கழற்றுவார்.

கல்லாவுக்கு முன்னால் வைத்துத் துணியை விலக்கினோம். கொஞ்ச நேரம் பார்த்தார். கை பைய எழும்பி வலது தோளைத் தொட்டது. காய்ப்பைத் தடவினார். அவர் கண் கலங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அறுபது வயசாகுது. என் முதுகை நான் பாத்ததே இல்லம்மா" என்றார். "இது மூட்டை தூக்கின தோளு. எம்புட்டு மூட்டை." அப்படியே பக்கத்தில் நின்ற சப்ளையரைக் கூப்பிட்டு, "ஏலே, இதை ஏசி ஹால்ல மாட்டு. அந்த ஆத்துப் படத்துக்குப் பக்கத்துலயே மாட்டு" என்றார்.

தடுப்பதற்குள் ஆணி அடித்துவிட்டார்கள். தள்ளி நின்று பார்த்தோம். இந்தப் பக்கம் தையலக்கா, அந்தப் பக்கம் அண்ணாச்சி. ஒரே ஆறு, ஒரே விடியல், ஒரே அளவு. புருஷனும் பெண்டாட்டியுமாக ஜோடியாகக் குளிக்கிறமாதிரி. கீழே என் தங்க எழுத்து: இரண்டறக் கலந்த கணம். தோழி புர்காவின் முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யாரும் சொல்லித் தெரிவதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தேன். கத்திரியைக் கீழே வைத்தாள். முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிமிரப் பார்த்தாள், முடியவில்லை. பாதியில் அப்படியே நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். இனிமே எனக்கு ஒரு உதவியும் செய்யாண்டாம்."

அந்த வாரம் முழுக்க நான் அவள் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணாச்சியிடமிருந்து போன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. உடனே வரச் சொன்னார். போனால், கல்லாவுக்குப் பின்னால் புகைப்படம் சுவரைப் பார்த்துச் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நடந்ததை அவர் வாயாலேயே சொன்னார். சொல்லும்போது நடுநடுவே வாசலைப் பார்த்துக்கொண்டார்.

அவர் வீட்டம்மா ஓட்டல் பக்கம் வருவது அபூர்வம். அன்றைக்குப் பூஜைக்கு வந்தவள் ஹாலில் ஜோடிப் படத்தைப் பார்த்திருக்கிறாள். முப்பத்தைந்து வருஷமாக எண்ணெய் தேய்த்துவிட்ட முதுகு அவளுக்குத் தெரியாதா? கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள்.

"பக்கத்துல யாருங்க அந்தப் பொம்பள?"

"முகமே தெரியலயே, எனக்கென்ன தெரியும்?" என்றிருக்கிறார் இவர்.

"முகந்தெரியாத பொம்பளைகூடத்தான் இத்தனை நாளும் குளிக்கப் போனீயளோ?"

"அய்யோ, அவ மேல துறை, நான் கீழ துறை" என்று இவர் சொல்ல, "அப்போ அவ எந்தத் துறைன்னு தெரிஞ்சிருக்கு" என்று அந்தம்மா சொல்ல, சாம்பார் வாளியோடு நின்ற சப்ளையர்கள் சமையல்கட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள். கடைசியில் அந்தம்மா தீர்ப்புச் சொன்னாளாம்: "உங்க முதுகு நம்ம வீட்டுக்கு வரட்டும். அவ முதுகு அவ வீட்டுக்குப் போகட்டும்."

ஓவியக் கல்லூரியும் நாங்களும் சபதமும் சேர்ந்து முடிக்காததை ஒரு சம்சாரத்தின் சந்தேகம் முடித்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தம்மா சொன்னதைவிடச் சரியாக நான் ஒரு வரி எழுதியதில்லை.

"அவ வீடு எதுன்னு யாருக்குத் தெரியும்? பரிசு குடுத்தவங்க நீங்க, நீங்களே கொண்டு போங்க" என்றார் அண்ணாச்சி. ஆட்டோவில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, சந்துக்குள் யாரும் பார்க்காதபடி சேலை போர்த்தி, அக்கா வீட்டில் கொண்டு சேர்த்தேன்.

கதவைச் சாத்திவிட்டு அவள் அந்தப் படத்தை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தாள். குனிந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பச்சை ஒட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். "தையல் நேராத்தான் விழுந்திருக்கு" என்றாள். அப்புறம் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. "இனி ஆத்துக்கு வரலாம்லாக்கா. படந்தான் போயிட்டே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பச்சைப் பிள்ளையைப் பார்க்கிறமாதிரி பார்த்தாள்.

"படந்தான டீச்சர் வீட்டுக்கு வந்திருக்கு. எடுத்தவரு அங்கனதான இருக்காரு."

தொடராக எடுக்கப்போகிறேன் என்று அவர் சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, இன்னும் முழுசாக விடியவில்லை. அக்கா வாசலில் நிற்கிறாள். கையில் சோப்பு டப்பா, தோளில் துண்டு.

"டீச்சர், உதவி செய்யாண்டாம்னு சொன்னேன்லா. இப்பம் ஒண்ணு செய்யணும். மாத்துப் பாவாடை எடுத்துக்கிட்டு வாங்க."

நான் ஆற்றில் குளித்தது கல்யாணத்துக்கு முன்னால். இருபது வருஷமாகத் தாமிரபரணியை வாட்டர் கலரில் வரைகிறேன், பிள்ளைகளை வரையச் சொல்கிறேன். முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அவளோடு போனேன். பாவாடையை மார்போடு கட்டிக்கொண்டு இறங்கியபோது தண்ணி கத்தி மாதிரி இருந்தது. அங்கே சந்துப் பொம்பளைகள் நாலுபேர் ஏற்கெனவே இறங்கி இருந்தார்கள், ரெண்டு ரெண்டு பேராக, எதிரும் புதிருமாக. ஒருத்தி தண்ணிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தால், அவளுக்கு எதிரே ஒருத்தி மேலே நாணல் புதரைப் பார்த்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஆள் மாறினார்கள். அக்காதான் எல்லாரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். யார் முதுகு என்று சொன்னாளா, சொல்லாமலே ஏற்பாடு செய்தாளா என்று நான் கேட்கவில்லை.

"நான் உக்காருதேன். நீங்க எனக்கு மேல பாத்துக்கிட்டு நில்லுங்க. பார்வையை எடுக்கக்கூடாது" என்றாள். உட்கார்ந்து, கண்ணை மூடி, ஓடிவருகிற தண்ணிக்கு முதுகைக் கொடுத்தாள்.

நின்றேன். பனி விலகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நாணல் அசைந்தது. முதலில் அந்த நீளமான லென்ஸ் தெரிந்தது, அப்புறம் தொப்பி, அப்புறம் அவர். லென்ஸ் பொம்பளைகளின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு முதுகாகத் தேடிவந்து, நடுவில் என் முகத்தில் வந்து நின்றது. நடுவர் மேடையில் நான் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தபோது என் கையால் சான்றிதழ் வாங்கிய மனுஷர். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் அவருடைய ஒரு கை வணக்கம் வைப்பதற்குப் பாதி எழும்பியது.

என் உடம்பெல்லாம் சுருங்கியது. ஈரப் பாவாடை, ஒட்டிய தலைமுடி, அம்பது வயது நெருங்குகிற என் தோள், என் கழுத்து. என் கை தானாக மார்புக்குப் போனது. அப்படியே தண்ணிக்குள் அமுங்கிவிடலாம் என்று கால் மடங்கியது. முதல் பரிசு கொடுத்தபோது எனக்கு எட்டாத ஒன்று அந்த ஒரு நொடியில் குடல்வரைக்கும் எட்டியது. நான் அமுங்கினால் அக்காவின் முதுகுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அதனால் அமுங்கவில்லை. கையைக் கீழே இறக்கி, அவர் கண் இருக்கிற இடத்தைப் பார்த்து நின்றேன். பக்கத்தில் நின்ற ரெண்டுபேரும் பார்த்தார்கள்.

லென்ஸ் இறங்கியது. அவர் அதைக் கழற்றி, மூடி போட்டு, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, வழுக்குகிற கரையில் ரெண்டு தடவை தடுமாறி ஏறி, சாலைக்குப் போகிறவரைக்கும் நான் கண்ணை எடுக்கவில்லை.

"யாரு டீச்சர்?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

"அவருதான். போயிட்டாரு."

எனக்குக் குளிரில் பல் கிட்டித்தது. மேலே ஏறிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"செத்த நேரம் நில்லுங்க டீச்சர்" என்றாள். "இன்னும் முதுகு விடல."

நின்றேன்.